ஹேக் ஆன இணையதளத்தை மீட்பது எப்படி: கொல்லைப்புற வழியை அடைப்பது முதல் கூகுள் எச்சரிக்கையை நீக்குவது வரை

கூகுளில் தேடினால் உங்கள் தளத்தின் முகவரியோடு ஜப்பானிய மொழியில் ஏதோ விற்பனைத் தலைப்பு நிற்கும். அல்லது குரோமில் திறந்தவுடன் திரை முழுக்கச் சிவப்பாகி எச்சரிக்கை வரும். அல்லது கணக்கை முடக்கிவிட்டதாக ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வரும். எது வந்தாலும் பதற்றத்தில் பலரும் செய்வது ஒன்றுதான். கண்ணில் பட்ட கெட்ட கோப்பை அழித்துவிட்டு, எச்சரிக்கையை நீக்கச் சொல்லி உடனே கூகுளுக்கு மறுபரிசீலனை விண்ணப்பம் போட்டுவிடுவார்கள். இரண்டொரு நாளில் அதே கோப்பு வேறு பெயரில் திரும்ப முளைக்கும், விண்ணப்பமும் நிராகரிக்கப்படும். உள்ளே வந்த வழி அடைபடாமல் இருப்பதுதான் காரணம்.

அதனால் வேலையின் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பாதிப்பு எந்த வகை என்று பார்க்க வேண்டும். அடுத்து நகல் எடுத்துத் தளத்தை மூட வேண்டும். பிறகு வந்த வழியைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். விண்ணப்பம் கடைசியில்தான். கீழே உதாரணங்கள் பெரும்பாலும் வேர்ட்பிரஸ் தளங்களுக்கானவை. ஜூம்லா, ட்ரூபல் தளங்களுக்கும் இதே வரிசைதான், கோப்புப் பெயர்கள் மட்டும் மாறும்.

எந்த வகைப் பாதிப்பு என்று பாருங்கள்

தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் தளம் பதிவாகி இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே பதிவு செய்யுங்கள். டிஎன்எஸ்ஸில் (டொமைனின் முகவரிப் பதிவுகள் இருக்கும் இடம்) ஒரு டிஎக்ஸ்டி பதிவு சேர்த்து, முழு டொமைனையும் ஒரே சொத்தாகச் சரிபார்ப்பதே நல்லது. துணை டொமைன்களில் ஒளிந்திருப்பதும் அப்போது தெரியவரும்.

உள்ளே 'செக்யூரிட்டி இஷ்யூஸ்', 'மேனுவல் ஆக்ஷன்ஸ்' என்ற இரண்டு பக்கங்களையும் பாருங்கள். முதலாவதில் மால்வேர், ஹேக் செய்யப்பட்ட உள்ளடக்கம், ஏமாற்றுப் பக்கங்கள் என்று வகை பிரித்துச் சொல்லி, சில முகவரிகளையும் காட்டும். அவை மாதிரிகள்தான், முழுப் பட்டியல் அல்ல. இரண்டாவதில், கூகுள் ஊழியர்கள் பார்த்து விதித்த நடவடிக்கை ஏதாவது இருந்தால் தெரியும். அந்த ஐந்தாறு முகவரிகளை மட்டும் சரிசெய்துவிட்டு விண்ணப்பித்தால் நிச்சயம் திரும்பி வரும்.

தளத்தை நீங்களே திறந்து பார்த்து 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று முடிவுகட்டாதீர்கள். உரிமையாளர் கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட நிரல் இது. கைபேசியில், கூகுள் தேடல் வழியாக வருபவரை மட்டும் வேறு தளத்துக்குத் தள்ளிவிடும். ஒரு முறை தள்ளியவரை குக்கீ வைத்து அடையாளம் கண்டு, அடுத்த முறை சும்மா விட்டுவிடும். இன்னும் சில, தளங்களைப் படித்துப் பட்டியலிடும் கூகுள் ரோபோவுக்கு மட்டும் ஸ்பேம் பக்கத்தைக் காட்டிவிட்டு மனிதர்களுக்கு '404' (பக்கம் இல்லை) காட்டும். எனவே மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். கைபேசியில் வைஃபையை அணைத்து, மறைநிலைச் சாளரத்தில், தேடல் முடிவைத் தட்டி உள்ளே போங்கள். கூகுளில் 'சைட்' கட்டளையோடு உங்கள் டொமைனைத் தேடி, நீங்கள் எழுதாத பக்கங்கள் வருகின்றனவா என்று பாருங்கள். சந்தேகமான முகவரியை சர்ச் கன்சோலின் 'யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன்' கருவியில் போட்டு, நேரடிச் சோதனை ஓடவிட்டு, கிடைக்கும் எச்டிஎம்எல்லைப் படியுங்கள். மூன்றாவதைத்தான் நம்பலாம். பிரவுசரின் அடையாளத்தை மாற்றி கூகுள் ரோபோ போல நடித்தால், ஐபி முகவரியைச் சோதிக்கும் நிரல்கள் ஏமாறாது. நேரடிச் சோதனையோ உண்மையிலேயே கூகுளின் முகவரியிலிருந்து வருகிறது.

இங்கேயே இன்னொன்றையும் கவனியுங்கள். சர்ச் கன்சோலின் பயனர் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத உரிமையாளர் யாராவது இருக்கிறாரா? ஸ்பேம் பக்கங்களைச் சீக்கிரம் கூகுள் பட்டியலில் ஏற்ற, ஹேக்கர்கள் தங்களையே உரிமையாளராகச் சேர்த்துக்கொண்டு தங்கள் சைட்மேப்பையும் (பக்க முகவரிகளின் பட்டியல்) கொடுத்துவிடுவார்கள். அந்தப் பயனரை நீக்கினால் மட்டும் போதாது. அவர் வைத்த சரிபார்ப்புக் கோப்பையும் அழிக்க வேண்டும், இல்லையெனில் மீண்டும் சரிபார்த்துக்கொள்வார். கோப்பே கிடைக்கவில்லையா? 'கூகுள்' என்று தொடங்கி எண்களோடு முடியும், நீங்களாகக் கற்பனை செய்த ஒரு எச்டிஎம்எல் பெயரை உங்கள் தள முகவரியோடு சேர்த்துத் திறந்து பாருங்கள். சரிபார்ப்பு வாசகம் வந்தால், எச்டிஆக்சஸ் கோப்பில் (சர்வருக்கான விதிகள் எழுதும் கோப்பு) உள்ள விதி ஒன்று எந்தப் பெயர் கேட்டாலும் கோப்பை உருவாக்கித் தருகிறது என்று பொருள். அழிக்க வேண்டியது அந்த விதியை.

நகல், பிறகு பூட்டு

சுத்தம் செய்யத் தொடங்கும் முன் பாதிக்கப்பட்ட நிலையிலேயே எல்லாவற்றையும் நகலெடுங்கள்: கோப்புகள், டேட்டாபேஸ், ஆக்சஸ் லாக் (யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்ற பதிவேடு), எரர் லாக், எஃப்டிபி லாக். லாக் கோப்புகளுக்கு முதலிடம் கொடுங்கள். பல ஹோஸ்டிங்குகளில் அவை சில நாட்களே இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். கோப்புகளை எஃப்டிபியில் ஒவ்வொன்றாக இறக்காமல், சர்வரிலேயே 'டார்' மூட்டையாகக் கட்டி இறக்குங்கள். எஃப்டிபியில் இறக்கும்போது கோப்புகளின் தேதி மாறிவிட வாய்ப்பு உண்டு, துப்புத் துலக்க அந்தத் தேதிகள் வேண்டும்.

அடுத்து தளத்தை மூடுங்கள். சரியான வழி '503' (இப்போது சேவை இல்லை) பதில் தருவது, எப்போது திரும்ப வரலாம் என்று சொல்லும் 'ரீட்ரை-ஆஃப்டர்' தலைப்பும் கூடவே இருக்கட்டும். தற்காலிகமாக மூடியிருக்கிறது என்பதைத் தேடுபொறி அப்படியே புரிந்துகொள்ளும். உங்கள் ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ரோபோட்ஸ் கோப்பில் (தேடுபொறி ரோபோக்கள் எங்கே போகலாம் என்று சொல்லும் கோப்பு) முழுத் தளத்தையும் தடுப்பதும், எல்லாப் பக்கத்திலும் 'நோஇண்டெக்ஸ்' (பட்டியலில் சேர்க்காதே) போடுவதும் தவறு. முதலாவது, பின்னால் சுத்தமான பக்கத்தைக் கூகுள் பார்க்க முடியாமல் செய்துவிடும். இரண்டாவது, நல்ல பக்கங்களையும் தேடலிலிருந்து தூக்கிவிடும். ரோபோட்ஸ் கோப்புக்கு மட்டும் 503 போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நிலையை ஓரிரு நாட்களுக்கு மேல் நீட்டாதீர்கள். நீடித்தால் பக்கங்கள் பட்டியலிலிருந்து கழன்றுபோகும்.

பாஸ்வேர்டுகளை மாற்றும் முன், நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியை ஸ்கேன் செய்யுங்கள். எஃப்டிபி மென்பொருளில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திருடும் வைரஸ் அங்கே இருந்தால், புதிய பாஸ்வேர்டும் அன்றைக்கே போய்விடும். கணினி சுத்தம் என்று உறுதியான பிறகு ஹோஸ்டிங் பேனல், எஸ்எஃப்டிபி, டேட்டாபேஸ், தளத்தின் எல்லா நிர்வாகிகள், பாஸ்வேர்ட் மீட்புக்குப் பயன்படும் மின்னஞ்சல், டொமைன் வாங்கிய இடம் என எல்லாவற்றையும் மாற்றுங்கள். எஸ்எஸ்எச் பயன்படுத்தினால், அனுமதிக்கப்பட்ட சாவிகளின் கோப்பில் அந்நிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்தச் சாவி திறந்துகொண்டே இருக்கும். வேர்ட்பிரஸ் கான்ஃபிக் கோப்பில் உள்ள, லாகின் குக்கீகளைக் காக்கும் 8 ரகசியச் சாவிகளையும் சால்ட்களையும் புதிதாக மாற்றுங்கள். ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பவர்கள் எல்லோரும் அந்த நொடியே வெளியேற்றப்படுவார்கள். டிஎன்எஸ் பக்கத்தில் நீங்கள் சேர்க்காத துணை டொமைன் இருந்தால் அதையும் நீக்குங்கள்.

எந்த வழியாக வந்தார்கள்?

பலர் தாண்டிப்போகும் இடம் இது. மீட்பு நிலைக்குமா நிலைக்காதா என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

கையில் ஒரு கெட்ட கோப்பு கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு பிஎச்பி கோப்பு. படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய இடம் அது. அதன் 'மாற்றப்பட்ட தேதி'யை நம்பாதீர்கள், ஒரே கட்டளையில் அதைப் பழைய தேதியாக்கிவிடலாம். 'சிடைம்' எனப்படும் நிலைமாற்ற நேரத்தைச் சர்வரிலேயே பாருங்கள், அதைப் பொய்யாக்குவது அவ்வளவு சுலபமில்லை. இனி ஆக்சஸ் லாக்கில் அந்தக் கோப்புப் பெயரைத் தேடுங்கள். முதன்முதலாக அதற்கு வந்த 'போஸ்ட்' (தகவல் அனுப்பும்) கோரிக்கையைப் பிடியுங்கள். அதன் ஐபி முகவரியை எடுத்து, அதே ஐபி அதற்கு முன் எதையெல்லாம் தொட்டது என்று பின்னோக்கிப் படியுங்கள். கோப்பு உருவான நேரத்துக்குச் சற்று முன் வந்த கோரிக்கைதான் பெரும்பாலும் நுழைந்த வழியைக் காட்டும்.

அது ஒரு பிளகின் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் வசதி) கோப்பாக இருந்தால் அந்த பிளகினில் ஓட்டை. லாகின் பக்கத்துக்கு நூற்றுக்கணக்கில் போஸ்ட் போயிருந்தால், பதில் எண்ணைப் பாருங்கள். வேர்ட்பிரஸில் தவறான பாஸ்வேர்டுக்கு வழக்கமாக 200 வரும், சரியான பாஸ்வேர்டுக்கு 302 வரும். வரிசையாக 200 வந்து திடீரென்று ஒரு 302 வந்தால், பாஸ்வேர்டை ஊகித்துப் பிடித்துவிட்டார்கள். வெப் லாக்கில் எதுவுமே இல்லாமல் எஃப்டிபி லாக்கில் அந்நிய ஐபி இருந்தால், பாஸ்வேர்ட் உங்கள் கணினியிலிருந்தே திருட்டுப் போயிருக்கலாம்.

'எங்கள் தளம் சின்னது, யார் வரப்போகிறார்கள்' என்ற எண்ணம் இங்கே செல்லாது. தாக்குதல் தானியங்கி. 2014 அக்டோபரில் ட்ரூபல் 7-இல் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் கட்டளை) ஓட்டை அறிவிக்கப்பட்டபோது, அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத தளங்கள் ஹேக் ஆனதாகவே கருதப்பட வேண்டும் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே எச்சரித்தது. அதே 2014-இல் ரெவல்யூஷன் ஸ்லைடர் பிளகின் வழியாக ஏராளமான வேர்ட்பிரஸ் தளங்கள் சிக்கின. அந்த ஸ்லைடர் பல தீம்களுக்குள்ளேயே (தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புத் தொகுப்பு) பொதியப்பட்டு வந்ததால், அது தங்கள் தளத்தில் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை, அப்டேட் அறிவிப்பும் வரவில்லை. 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் பிளகினின் ஒரு கோப்பை லாகின் இல்லாமலேயே நேரடியாக அழைத்து, எந்தக் கோப்பையும் ஏற்ற முடிந்தது. இப்படிப்பட்ட பிளகினை 'டீஆக்டிவேட்' செய்வதால் பயனில்லை. கோப்பு சர்வரில் இருக்கும்வரை முகவரி தெரிந்தவர் அழைப்பார். முழுவதும் நீக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை இலவசமாக எங்கிருந்தோ இறக்கிப் போட்டிருந்தால், வேறு வழியைத் தேடும் முன் அதைப் பிரித்துப் பாருங்கள்.

சுத்தம் செய்தல்

பேக்கப்பிலிருந்து மீட்டால் போதாதா? ஹேக்கர் நுழைந்த தேதி லாக் மூலம் உறுதியாகத் தெரிந்து, அதற்கு முந்தைய பேக்கப் இருந்தால் போதும். மீட்டவுடன் ஓட்டையையும் அடைத்துவிட வேண்டும். எச்சரிக்கை வந்த தேதியை நுழைந்த தேதி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நினைத்தபோது மீண்டும் நுழைய, பல வாரம் முன்பே ரகசியமாகக் கொல்லைப்புற வழியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், பேக்கப்பிலும் அது பத்திரமாக இருக்கும்.

கையால் சுத்தம் செய்வதென்றால், வேர்ட்பிரஸின் அட்மின், இன்க்ளூட்ஸ் ஃபோல்டர்கள் இரண்டையும் முழுவதுமாக அழித்துவிட்டு, அதே பதிப்பின் புதிய நகலை ஏற்றுங்கள். பழையதன் மேல் புதியதை ஏற்றினால் ஹேக்கர் கூடுதலாகப் போட்ட கோப்புகள் அப்படியே தங்கிவிடும், அவற்றின் பெயர்களும் அசல் கோப்புகள் போலவே இருக்கும். கட்டளை வரி வசதி இருந்தால் வேர்ட்பிரஸ் சிஎல்ஐ என்ற கட்டளை வரிக் கருவியின் செக்சம் சோதனையை (கோப்புகளை அசலோடு ஒப்பிடுவது) ஓட்டுங்கள். மாறிப்போன கோப்பையும், இருக்கவே கூடாத கோப்பையும் பெயர் சொல்லிக் காட்டும். பிளகின்கள், தீம்கள் எல்லாவற்றையும் நீக்கி, அசல் இடத்திலிருந்து புதிதாக நிறுவுங்கள்.

மிச்சமிருப்பது உங்களுக்கே உரியவை: அப்லோட்ஸ், சொந்த தீம், கான்ஃபிக் கோப்பு, எச்டிஆக்சஸ். இவற்றைக் கண்ணால் படித்தே ஆக வேண்டும். அப்லோட்ஸில் பிஎச்பி எதுவும் இருக்கக் கூடாது. வெறும் உரையாக ஓரிரு வரி மட்டும் கொண்ட வெற்று இன்டெக்ஸ் கோப்பு இருந்தால் பரவாயில்லை. ஐகான் கோப்புகளையும் விடாதீர்கள். பரவலாகக் காணப்படும் ஒரு தந்திரம் இது: இன்டெக்ஸ் கோப்பின் தலையில் '@' குறியோடு ஓர் இன்க்ளூட் வரி, அதற்குள் பின்சாய்கோடும் எண்களுமாக ஒரு நீண்ட சரம். '\057' என்று வந்தால் அது '/' என்ற குறியின் எட்டடிமான எண். முழுச் சரத்தையும் பிரித்தால் ஏதோ ஒரு ஃபோல்டரில் உள்ள ஃபேவிகான் ஐகான் கோப்பின் பாதை கிடைக்கும். அந்த 'ஐகானை' எடிட்டரில் திறந்தால் உள்ளே முழுக்க பிஎச்பி. முதலில் அழிக்க வேண்டியது அதைத்தான், வரியை மட்டும் நீக்கினால் ஐகான் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கும்.

எடிட்டரில் வரி மடக்கும் வசதியை இயக்கி வையுங்கள். நூற்றுக்கணக்கான வெற்றிடங்களைத் தட்டி, நிரலைத் திரையின் வலப்பக்கத்துக்கு வெளியே தள்ளிவைப்பது பழைய வித்தை. ஈவால், பேஸ்64 டீகோட், ஜிஇசட் இன்ஃப்ளேட், ஸ்ட்ரிங் ராட்13 ஆகிய, நிரலை மறைத்து ஓட்ட உதவும் ஃபங்ஷன்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வந்தால் சந்தேகப்படுங்கள். பேஸ்64 தனியாக வருவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், நல்ல பிளகின்களும் அதைப் பயன்படுத்துகின்றன. வழக்கமான பிளகின் பட்டியலில் காட்டாத 'எம்யூ-பிளகின்ஸ்' ஃபோல்டர், கேச் பிளகின்கள் விட்டுச்செல்லும் டிராப்-இன் கோப்புகள், யூசர் ஐஎன்ஐ கோப்பில் 'ஆட்டோ ப்ரீபெண்ட்' என்ற வரி ஆகியவற்றையும் பாருங்கள். கடைசியில் சொன்னது ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் ஹேக்கரின் நிரலை ஓட்டிவிடும்.

டேட்டாபேஸில் முதலில் பயனர்கள். நிர்வாகிப் பட்டியலைத் தளத்தின் உள்ளே மட்டும் பார்க்காமல், பிஎச்பி மைஅட்மினில் நேரடியாக டேபிளைத் திறந்து பாருங்கள். தன் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து மறைக்கும் நிரலோடு வரும் நிர்வாகிகள் உண்டு. பதிவுகளிலும் ஆப்ஷன்ஸ் டேபிளிலும் ஸ்கிரிப்ட் டேக், ஐஃப்ரேம், திரைக்கு வெளியே தள்ளி மறைத்த இணைப்புகள் ஆகியவற்றைத் தேடுங்கள். ஆப்ஷன்ஸ் டேபிளில் பல மதிப்புகள் எழுத்து எண்ணிக்கையோடு சேமிக்கப்பட்டவை. அங்கே நேரடியாகத் தேடி மாற்றினால் எண்ணிக்கை பிசகி விட்ஜெட்டுகள் காணாமல் போகும், சிஎல்ஐயின் தேடி-மாற்றும் கட்டளை அதைச் சரியாகப் பார்த்துக்கொள்ளும். டேட்டாபேஸ் டிரிக்கர்களையும் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் கட்டளைகள்) பட்டியலிடுங்கள். வேர்ட்பிரஸ் தானாக எந்த டிரிக்கரையும் உருவாக்குவதில்லை. நீக்கிய நிர்வாகி திரும்ப வந்தால் காரணம் அங்கே இருக்கலாம்.

அழித்த இன்டெக்ஸ் கோப்பு சில நொடிகளில் மீண்டும் முளைக்கிறதா? சர்வரின் நினைவகத்தில் ஒரு பிஎச்பி ப்ராசஸ் ஓடிக்கொண்டு அதை எழுதுகிறது. அதன் மூலக் கோப்பு வட்டில் இல்லாமல்கூட இருக்கலாம். உங்கள் கணக்கின் பிஎச்பி ப்ராசஸ்கள் அத்தனையையும் முதலில் நிறுத்துங்கள், முடியாவிட்டால் ஹோஸ்டிங் ஆதரவுக் குழுவிடம் அதையே கேளுங்கள். கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) பட்டியலில் அறியாத வரி இருந்தால் நீக்குங்கள். பிறகே கோப்பை மாற்றுங்கள். ஒரே ஹோஸ்டிங் கணக்கில் வேறு தளங்களும் இருந்தால், பழைய சோதனைத் தளம் உட்பட, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றை விட்டால் அங்கிருந்து மற்றவற்றுக்குத் தாவும்.

தளத்தைத் திறக்கும் முன் எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள். அப்லோட்ஸில் பிஎச்பி ஓடாதபடி சர்வர் விதி போடுங்கள். கோப்புகளுக்கு 644, ஃபோல்டர்களுக்கு 755 அனுமதி போதும். யார் வேண்டுமானாலும் எழுத விடும் 777 எங்கேயும் வேண்டாம். நிர்வாகிகளுக்கு இரண்டடுக்கு லாகின் கட்டாயம்.

ஸ்பேம் முகவரிகள்

ஜப்பானிய, மருந்து வகை ஸ்பேம் ஹேக்குகளில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் பட்டியலில் ஏறியிருக்கும். அவை இனி 404 அல்லது 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) தர வேண்டும். முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடாதீர்கள், அப்படிச் செய்தால் அவை போலி 404 ஆகக் கணக்கில் தங்கும். ரோபோட்ஸ் கோப்பில் தடுக்கவும் கூடாது, தடுத்தால் அவை அழிந்ததைக் கூகுள் பார்க்கவே முடியாது. முகவரிகளில் பொதுவான வடிவம் தெரிந்தால் ஒரே விதியில் எல்லாவற்றுக்கும் 410 கொடுத்துவிடலாம். அதற்கு முன் உங்கள் உண்மையான முகவரி எதுவும் அந்த வடிவத்தில் சிக்கவில்லை என்று பாருங்கள். சர்ச் கன்சோலின் 'ரிமூவல்ஸ்' கருவி சுமார் 6 மாதத்துக்கு மறைக்க மட்டுமே செய்யும், கண்ணை உறுத்தும் சில பக்கங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ஹேக்கர் கொடுத்த சைட்மேப்பை நீக்கிவிட்டு உங்களுடையதை மீண்டும் கொடுங்கள்.

மறுபரிசீலனை விண்ணப்பம்

503-ஐ எடுத்துவிட்டு, கூகுள் காட்டிய மாதிரி முகவரிகளை ஒவ்வொன்றாக நேரடிச் சோதனையில் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சுத்தமாக வந்த பிறகுதான் 'ரிக்வெஸ்ட் ரிவ்யூ' பொத்தான். மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். என்ன நடந்தது, எப்படி நுழைந்தார்கள், எதை நீக்கினீர்கள், ஓட்டையை எப்படி அடைத்தீர்கள் என்று நாலைந்து வரிகள் போதும். 'இன்ன பிளகினின் பழைய பதிப்பு வழியாக நுழைந்தார்கள், அதை நீக்கிவிட்டோம், அப்லோட்ஸில் இருந்த இத்தனை பிஎச்பி கோப்புகளையும் ஒரு போலி நிர்வாகியையும் அகற்றினோம், எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றினோம்' என்பது போல.

ஏமாற்றுப் பக்க வகைக்குச் சுமார் ஒரு நாள், மால்வேருக்குச் சில நாட்கள், ஸ்பேம் உள்ளடக்கத்துக்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். பதில் வரும்வரை மீண்டும் மீண்டும் விண்ணப்பிக்காதீர்கள். திரும்பத் திரும்ப விதி மீறும் தளங்கள் 30 நாட்களுக்கு விண்ணப்பிக்க முடியாது என்ற விதியைக் கேள்விப்பட்டுப் பயப்பட வேண்டாம், அது வேண்டுமென்றே கெடுதல் செய்யும் தளங்களுக்கானது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. நிராகரிப்பு வந்தால், புதிதாகக் காட்டும் மாதிரி முகவரிகளிலிருந்து மீண்டும் தேடத் தொடங்குங்கள். வெளியிலிருந்து நீங்கள் ஏற்றும் விளம்பர ஸ்கிரிப்டுகளையும் இந்தச் சுற்றில் சந்தேகப் பட்டியலில் சேருங்கள், பிழை உங்கள் சர்வரிலேயே இல்லாமலும் இருக்கலாம்.

கூகுளின் சேஃப் பிரவுசிங் பட்டியலை ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி பிரவுசர்களும் பயன்படுத்துகின்றன, இங்கே நீங்கினால் அங்கேயும் எச்சரிக்கை போய்விடும். எட்ஜ் தனியாக மைக்ரோசாஃப்டின் ஸ்மார்ட்ஸ்கிரீனைப் பார்க்கிறது. பிங் வெப்மாஸ்டர் டூல்ஸிலும் பதிவு செய்து அங்கேயும் நிலையைப் பாருங்கள். ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பட்டியல்களில் பெயர் இருக்கிறதா என்று அறிய வைரஸ்டோட்டலில் முகவரியைப் போடுங்கள். எந்த நிறுவனம் சிவப்பாகக் காட்டுகிறதோ, அதன் தளத்திலேயே திருத்தக் கோரிக்கை கொடுக்க வேண்டும், வைரஸ்டோட்டல் அதை மாற்றித் தராது. ஹேக்கர்கள் உங்கள் சர்வரிலிருந்து ஸ்பேம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தால், ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸில் டொமைனையும் ஐபியையும் சோதியுங்கள். மின்னஞ்சல் வரிசையில் தேங்கி நிற்கும் ஸ்பேமை அழித்த பிறகே அங்கே விண்ணப்பியுங்கள். அழிக்காவிட்டால், விடுவிக்கப்பட்ட பிறகும் மிச்சம் வெளியே போய் மறுபடி பட்டியலில் ஏறும்.

எச்சரிக்கை நீங்கினாலும் தேடல் முடிவுகளில் ஜப்பானியத் தலைப்புகள் சில வாரம் தெரியலாம், கூகுள் ஒவ்வொரு பக்கமாக மறுபடி வந்து பார்த்தால்தான் மாறும். முக்கியப் பக்கங்களுக்கு மட்டும் கையால் இண்டெக்ஸிங் கோரிக்கை கொடுங்கள். சர்ச் கன்சோலின் பக்கங்கள் அறிக்கையில் 404 எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கலங்க வேண்டாம், ஸ்பேம் பக்கங்கள் கழன்றுகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அதோடு, பட்டியலில் உள்ள பக்கங்களின் எண்ணிக்கையையும் வாரம் ஒருமுறை பாருங்கள். நீங்கள் எழுதிய பக்கங்களின் அளவுக்கு அது இறங்காமல் மறுபடி ஏறத் தொடங்கினால், இன்னொரு வழி திறந்திருக்கிறது. அன்றைய லாக்கை உடனே நகலெடுத்துவிடுங்கள்.